136 பேச்சுவார்த்தையில் முடியாதது ஒரு பஸ் பயணத்தில் முடிந்தது!

ஜப்பான் நாட்டில் நகோயா என்று ஒரு நகரம். 1971-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி அங்கே ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே இருந்தவர்கள் சீன நாட்டு டேபிள் டென்னிஸ் வீரர்கள். உலகச் சாம்பியன் போட்டியில் ஆட வந்தவர்கள்.

கடைசி நேரத்தில் ஒரு வாலிபர் ஓடிவந்து பஸ்சில் ஏறினார். நீண்டு வளர்ந்த தலைமுடி. விளையாட்டு உடையில் "யு.எஸ்.ஏ." என்ற எழுத்துக்கள். அமெரிக்கர்!

அவர் பெயர் கிளென் கோவன். இருபது வயதுகூட நிரம்பாதவர். பயிற்சி ஆட்டத்தில் நேரம் போனதே தெரியாமல் தன் கோஷ்டியின் பஸ்சை தவற விட்டுவிட்டார். சீன வீரர் ஒருவர் கை காட்டவே, இந்த பஸ்சில் ஏறிக்கொண்டார்.

பஸ்சுக்குள் பேச்சு அடங்கியது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் உண்டு. சீனாவும் அமெரிக்காவும் அப்போது ஜென்ம விரோதிகள். 1949-ல் மா-சே-துங் ஆட்சிக்கு வந்த நாளில் இருந்து இரண்டு நாடுகளுக்கும் தூதரக உறவு கிடையாது. 1950-ல் தொடங்கிய கொரியா யுத்தத்தில் இரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் மோதின. "அமெரிக்கர்களிடம் நீங்களாகப் போய் பேச்சு கொடுக்கக் கூடாது" என்று வீரர்களுக்கு உத்தரவு போட்டு அனுப்பி இருந்தார்கள்.

பயணமோ கால் மணி நேரம்தான். பாதி தூரத்துக்கு மேல் கடந்துவிட்டது. அப்போது பின் ஆசனத்தில் இருந்து ஒருவர் எழுந்தார்.

பட்டுத் துணி பரிசு

எழுந்தவர் சாதாரண ஆள் அல்ல. 1961, 1963, 1965 என்று மூன்று தடவை உலக சாம்பியன் பட்டம் வென்ற சுவாங் சே-துங்.

"வேண்டாம், போகாதே" என்று கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. சீனாவில் அது கலாசாரப் புரட்சி நடந்த காலம். யார் மீது எப்போது தேசத்துரோகி பட்டம் விழும் என்று தெரியாது. சீனாவுக்கு முதல் உலக சாம்பியன் பட்டத்தை 1959-ல் வாங்கிக் கொடுத்த வீரர், 1968-ல் "ஒற்றன்" என்ற பழி தாங்காமல் தூக்கில் தொங்கினார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அந்த பஸ்சில் இருந்தவர்கள்.

சுவாங் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு கோவனிடம் போனார். "உங்கள் அரசாங்கத்துக்கு எங்களைப் பிடிக்காது. ஆனால் அமெரிக்க மக்கள் எங்களுக்கு நண்பர்கள்" என்ற கருத்தில் பேசினார். சீனத்து மலைக்காட்சி ஒன்றை நெய்த பட்டுத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கோவன் திகைத்துப் போனார். பதிலுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று பையைத் துழாவினார். சீப்பு ஒன்றுதான் இருந்தது! சீப்பையா கொடுப்பது? மறுநாள் சமாதானச் சின்னம் போட்ட ஒரு டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து சுவாங்கிடம் கொடுத்தார்.

பஸ் நின்ற இடத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் காத்து நின்றார்கள். அமெரிக்கரும் சீனரும் சிரித்துக்கொண்டு ஒரே பஸ்சில் இருந்து இறங்கினால் விடுவார்களா? படம் உலகம் முழுவதும் பரவியது.

தூக்க மாத்திரை சாப்பிட்ட பிறகு...

தங்கள் நாட்டுக்கு வந்து விளையாட அமெரிக்க கோஷ்டியையும் அழைக்கலாமா என்ற கேள்வி பீகிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) போனது. "இப்போது வேண்டாம்" என்று சீன அதிகாரிகள் குறிப்பு எழுதினார்கள். பிரதமர் சூ-என்-லாயும் சரி என்றார். ஏப்ரல் 6-ந் தேதி மா-சே-துங்கும் அதற்கு சம்மதம் தெரிவித்து பைலை அனுப்பிவிட்டார்.

அன்று இரவு நடந்ததை, மாவோவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் பிற்காலத்தில் எழுதி இருக்கிறார்.

மாவோ வழக்கம்போல தூக்க மாத்திரை சாப்பிட்டார். கண் சொருகும் நேரத்தில் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னார். நர்ஸ் காதை நீட்டிக் கேட்டார். "அமெரிக்க கோஷ்டியை அழைக்கச் சொல்" என்றார் மாவோ!

நர்சுக்கு தர்மசங்கடம். "தூக்க மாத்திரை சாப்பிட்ட பிறகு நான் எது சொன்னாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே" என்பது மாவோவே முன்பு போட்ட உத்தரவு. பகலில் கையெழுத்துப் போட்டதோ "வேண்டாம்" என்று. இப்போது சொல்வதோ "அழை" என்று. எதை எடுத்துக்கொள்வது?

"மாத்திரை சாப்பிட்ட பிறகு சொல்வது கணக்கில் வருமா?" என்று துணிந்து கேட்டார். "வரும்! சீக்கிரம் போ, நேரம் போய்விடும்" என்றார் மாவோ. நர்ஸ் டெலிபோனுக்கு ஓடினார்.

மறுநாள் போட்டியின் கடைசி நாள். அதற்குள் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

யார் அந்த தூதர்கள்?

ஏப்ரல் 10-ந் தேதி ஆங்காங் எல்லையில் உள்ள லோ-வூ பாலத்தை அமெரிக்கர்கள் நடந்தே கடந்து சீனாவுக்குள் போனார்கள். மொத்தம் 15 பேர்.

இவர்கள் யார்? மந்திரிகளா? தூதர்களா? இல்லை. கோஷ்டித் தலைவர் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருவர் கயானா நாட்டில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்து, ஐக்கிய நாடுகள் சபை அலுவலகத்தில் ஊழியராக இருந்தவர். ஒருத்தி 15 வயதுப் பள்ளிக்கூட மாணவி. அலுவலகமும் தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் போய்வந்த சாதாரண மனிதர்கள்தான் முதல் முதலாக அந்தப் பாலத்தைத் தாண்டினார்கள்.

சீன வீரர்கள் அவர்களை ஊதித் தள்ளி இருக்கலாம். ஆனால் "நட்பு முதலில், போட்டி பிறகு" என்பது கோஷம். விருந்தாளி மனம் கோணாமல் சில ஆட்டங்களை விட்டுக்கொடுத்தார்கள்.

ஏப்ரல் 14-ந் தேதி சூ-என்-லாய் அவர்களை பீகிங் மக்கள் மண்டபத்தில் வரவேற்றார். இரு நாட்டு மக்கள் உறவில் நீங்கள் ஒரு புதிய பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள் என்று சொன்னார். அதே நாளில் வாஷிங்டனில் ஜனாதிபதி நிக்சன், சீனாவுடன் வியாபாரம் செய்ய இருந்த தடைகளைத் தளர்த்துவதாக அறிவித்தார்.

இரண்டு பக்கமும் ஆசை ஏற்கெனவே இருந்தது என்பதே உண்மை. சீனாவுக்கும் ரஷியாவுக்கும் 1969-ல் எல்லையில் சண்டை. அமெரிக்காவோ வியட்நாமில் சிக்கித் தவித்தது. அமெரிக்கர்கள் சீனா போக பாஸ்போர்ட்டில் இருந்த தடையை நிக்சன் அதற்கு முந்தின மாதம்தான் நீக்கி இருந்தார். கதவுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள். முதலில் தட்டுவது யார் என்பதுதான் பிரச்சினை. அதை ஒரு பந்தாட்டக்காரர் தீர்த்து வைத்தார்.

15 வருஷம், 136 கூட்டம்!

அப்படியானால் அதற்கு முன்பு இரண்டு அரசாங்கங்களும் பேசவே இல்லையா?

பேசின. நன்றாகவே பேசின. 1955-ல் இருந்து 1970 வரை ஜெனீவாவிலும் வார்சாவிலும் இரு நாட்டுத் தூதர்கள் 136 தடவை கூடினார்கள். பலன்? அகப்பட்டுக் கொண்ட குடிமக்கள் ஊர் திரும்புவது பற்றி 1955-ல் ஏற்பட்ட ஓர் உடன்பாடு. அதற்கு மேல் எதுவும் உருப்படியாக இல்லை. எழுதிவைத்த அறிக்கையை ஒருவர் படிப்பார். மற்றவர் தன் அறிக்கையைப் படிப்பார். எழுந்து போவார்கள்.

1969 டிசம்பரில் வார்சாவில் ஒரு வேடிக்கை. "சீனத் தூதரை எங்கே பார்த்தாலும் பேச்சு கொடு" என்று அமெரிக்கத் தூதருக்கு உத்தரவு. யுகோஸ்லாவிய நாட்டு பேஷன் ஷோ ஒன்றுக்கு சீனத் தூதரக அதிகாரிகள் வந்திருந்தார்கள். அமெரிக்கத் தூதர் அவர்களை நோக்கிப் போனார். அவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். இவர் விடவில்லை, பின்னாலேயே ஓடிப்போய் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்! நின்றுபோயிருந்த பேச்சு அதன் பிறகுதான் மறுபடி தொடங்கியது.

இது நமக்குப் புதிதா? தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கும், ஆபீசில் பைல் புரட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். கூட்டத்தில் மானேஜர் மானேஜராகவே பேசுவார். யூனியன் தலைவர் யூனியன் தலைவராகவே பேசுவார். இரண்டு பேருக்கும் பின்னால் ஆட்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் மானம் போகும். அதே இரண்டு பேர் கேண்டீனில் எதிர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது பேச்சு வேறு மாதிரி வரும். "நான் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம், இப்படிச் செய்தால் என்ன?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். சரிப்படாவிட்டால், சொல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

வள்ளுவர் "தூது" என்று ஓர் அதிகாரமே வைத்தார். அது அரசன் அனுப்பிய தூதுவனைப் பற்றியது. அரசன் அனுப்பாத தூதுவர்களும் உலகத்தில் எப்போதும் உண்டு. விருந்து வீடு, நடன மண்டபம், ஓட்டல், மைதானம் இவைதான் அவர்களுடைய சபை.

நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1814-15-ல் வியன்னா நகரில் ஐரோப்பிய அரசர்களும் மந்திரிகளும் மாதக்கணக்கில் கூடினார்கள். எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்த முழுச் சபை கூட்டம் நடக்கவே இல்லை. எல்லைகளைப் பற்றிய பேச்சு விருந்திலும் நடனத்திலும் சீமாட்டிகளின் வரவேற்பு அறைகளிலும்கூட நடந்தது. 1815 ஜூன் 9-ந் தேதி கையெழுத்து மட்டும் போட்டார்கள்.

ஓட்டல் சாப்பாடும் காட்டு மரமும்

1962 அக்டோபர். கியூபா தீவில் ரஷியா அணு ஏவுகணைகளை வைத்துவிட்டது என்று அமெரிக்கா கண்டுபிடித்தது. அணு யுத்தம் வந்துவிட்டது என்று உலகம் நடுங்கிய நாட்கள்.

அக்டோபர் 26-ந் தேதி பகல். வாஷிங்டனில் ஆக்சிடென்டல் என்ற ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவர் ஜான் ஸ்காலி என்ற டெலிவிஷன் நிருபர். மற்றவர் போமின் என்ற பெயரில் ரஷியத் தூதரகத்தில் இருந்த உளவு அதிகாரி. "ஏவுகணையை நாங்கள் எடுத்துவிடுகிறோம். கியூபா மீது படை எடுக்கமாட்டோம் என்று நீங்கள் உறுதி கொடுங்கள்" என்ற யோசனை அந்தச் சாப்பாட்டு மேஜையில் பேசப்பட்டது. நிருபர் நேராக அரசாங்கத்திடம் போய்ச் சொன்னார். உலகைக் காப்பாற்றிய சாப்பாடு என்று பின்னாளில் அந்த ஓட்டலில் பலகையே வைத்தார்கள்.

ஆனால் பிறகு ரகசிய பைல்கள் வெளிவந்தபோது விஷயம் வேறாக இருந்தது. போமின் அப்படிப் பேச மாஸ்கோ உத்தரவு கொடுக்கவே இல்லை. யோசனையை முதலில் சொன்னது அவர்தான் என்று இவரும், இவர்தான் என்று அவரும் எழுதினார்கள்! காரியத்தை முடித்தது மறுநாள் இரவு நடந்த இன்னொரு ரகசிய சந்திப்பு. ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி, ரஷியத் தூதர் டோப்ரினினை தன் அறைக்கு அழைத்துப் பேசினார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று முடிவானது.

யுத்தம் நின்றது. மக்கள் பிழைத்தார்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துருக்கியைப் பற்றிய பேரம் துருக்கிக்குச் சொல்லப்படவில்லை. கியூபாவைப் பற்றிய முடிவு கியூபாவிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது. ரஷியா ஏவுகணைகளை எடுக்கப்போகிறது என்பதை கியூபா தலைவர் காஸ்ட்ரோ மற்றவர்களைப் போல செய்தியில்தான் தெரிந்துகொண்டார். ஆத்திரத்தில் கொதித்துப் போனார்.

இன்னொரு சம்பவம் 1982-ல். அணு ஏவுகணைகளைக் குறைக்க ஜெனீவாவில் பேச்சு நடந்து, நகராமல் நின்றது. ஜூலை 16-ந் தேதி அமெரிக்கப் பிரதிநிதி பால் நிட்சேயும் ரஷியப் பிரதிநிதி குவிட்சின்ஸ்கியும் ஊருக்கு வெளியே ஜூரா மலைக்காட்டில் உலாவப் போனார்கள். வெட்டிக் கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு திட்டத்தைப் பேசி முடித்தார்கள். மழை வந்ததும் காருக்குள் போய் மீதியைப் பேசினார்கள்.

இரண்டு பேரும் மேலிடத்தில் சொன்னார்கள். வாஷிங்டனும் வேண்டாம் என்றது. மாஸ்கோவும் வேண்டாம் என்றது. 5 வருஷம் கழித்து, 1987 டிசம்பரில்தான் அந்த வகை ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தம் வந்தது. அதுவும் 2019-ல் முறிந்துபோனது. கேண்டீனில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் காரியம்.

பொய் வயிற்றுவலி

இனி 1971-ம் ஆண்டுக் கதையின் மறுபாதிக்கு வருவோம். இதில்தான் நம் நாட்டின் சம்பந்தம் இருக்கிறது.

பந்தாட்டம் வெளியே தெரிந்த கதவு. வெளியே தெரியாத கதவு ஒன்றும் இருந்தது. அது பாகிஸ்தான். 1970 அக்டோபரில் பாகிஸ்தான் ஜனாதிபதி யாகியாகான் வெள்ளை மாளிகைக்கு வந்தபோது, சீனாவுக்கு ஒரு சேதி கொண்டு போகும்படி நிக்சன் கேட்டுக்கொண்டார். அன்று முதல் சூ-என்-லாயின் பதில்கள் பாகிஸ்தான் வழியாகக் கைமாறி வாஷிங்டனுக்கு வந்தன. பந்தாட்டக்காரர்கள் திரும்பிய சில நாட்களில், "ஒரு முக்கியஸ்தரை அனுப்புங்கள்" என்ற சேதியும் அதே வழியில் வந்தது.

1971 ஜூலையில் நிக்சனின் ஆலோசகர் கிசிங்கர் ஆசிய நாடுகளுக்குப் புறப்பட்டார். டெல்லிக்கும் வந்தார். பிரதமர் இந்திராகாந்தியைச் சந்தித்தார். அடுத்து பாகிஸ்தான் போனார். அங்கே திடீரென்று அவருக்கு வயிற்றுவலி! மலை வாசஸ்தலத்தில் ஓய்வு எடுக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். மலைப்பாதையில் கார் ஊர்வலம்கூடப் போனது. உள்ளே கிசிங்கர் இல்லை. அவர் ஜூலை 9-ந் தேதி அதிகாலையில் பாகிஸ்தான் விமானத்தில் பீகிங்குக்குப் பறந்துவிட்டார்.

அவசரத்தில் மாற்றுச் சட்டையை எடுத்துவைக்க மறந்துவிட்டார்கள். கூட வந்த உயரமான அதிகாரியிடம் சட்டை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். தொளதொள என்று தொங்கிய அந்தச் சட்டை தைவானில் தயாரானது! சீனாவின் பரம விரோதியான தைவான் சட்டையோடு சூ-என்-லாய் முன்பு போய் உட்கார்ந்தார்.

ஜூலை 15-ந் தேதி நிக்சன் டெலிவிஷனில் தோன்றி, தான் சீனா போகப்போவதாக அறிவித்தார். உலகமே திடுக்கிட்டது. 1972 பிப்ரவரியில் அவர் பீகிங்கில் இறங்கி சூ-என்-லாயின் கையைக் குலுக்கினார். 1979 ஜனவரி 1-ந் தேதி முழு தூதரக உறவு ஏற்பட்டது.

இதுவரை கேட்டால் சந்தோஷமான கதை.

அதே ஏப்ரல் 6-ந் தேதி

மாவோ தூக்க மாத்திரை சாப்பிட்ட அதே ஏப்ரல் 6-ந் தேதி, கிழக்குப் பாகிஸ்தானில் உள்ள டாக்கா நகரில் இருந்து வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. அனுப்பியது அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம். அதிகாரிகள் 20 பேர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மார்ச் 25-ந் தேதி இரவு யாகியாகானின் ராணுவம் டாக்காவில் மக்கள் மீது பாய்ந்தது. மாணவர் விடுதிகளிலும் குடிசைகளிலும் கொலைகள் நடந்தன. இவ்வளவு நடந்தும் நம் அரசாங்கம் வாய் திறந்து கண்டிக்கவில்லையே என்று அந்த அதிகாரிகள் தங்கள் அரசாங்கத்தையே குற்றம் சாட்டி எழுதினார்கள். துணைத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட் அதை ஆதரித்துக் குறிப்பு எழுதினார். அதற்குக் கிடைத்த பரிசு, அந்தப் பதவியில் இருந்து மாற்றல்!

நிக்சன் ஏன் வாய் திறக்கவில்லை? யாகியாகான் மீது அவருக்கு இருந்த பிரியமும், இந்திராகாந்தி மீது இருந்த வெறுப்பும் ஒரு காரணம். சீனாவுக்குப் போகும் ரகசியக் கதவின் சாவி யாகியாகான் கையில் இருந்தது இன்னொரு பெரிய காரணம். "இந்த நேரத்தில் யாகியாவை நெருக்க வேண்டாம்" என்று பைலில் தன் கையாலேயே எழுதி வைத்தார் நிக்சன். அந்தக் காகிதம் பிறகு வெளிவந்துவிட்டது.

பீகிங்கில் விருந்து நடந்தபோது, மேற்கு வங்காளத்துக்கும் திரிபுராவுக்கும் அசாமுக்கும் மேகாலயாவுக்கும் அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடி பேர். காலரா நோய் பரவி பலர் முகாம்களிலேயே மாண்டார்கள்.

அந்தச் சுமை நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தது. 1971 நவம்பரில் இருந்து கடிதக் கவரில் "அகதிகள் நிவாரணம்" என்று முத்திரை குத்திய 5 பைசா தபால்தலையைக் கூடுதலாக ஒட்ட வேண்டி இருந்தது. அன்று பம்பாயிலும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்த தமிழர்கள் ஊருக்குக் கவரில் கடிதம் எழுதியபோதெல்லாம் அந்த 5 பைசாவைக் கொடுத்தார்கள். வயதான உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அந்தத் தபால்தலை நினைவில் இருக்கும்.

அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டதைப் பார்த்த இந்தியா, 1971 ஆகஸ்டு 9-ந் தேதி ரஷியாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பர் 3-ந் தேதி யுத்தம் மூண்டது. டிசம்பர் 10-ந் தேதி கிசிங்கர் நியூயார்க்கில் சீனத் தூதரை ரகசியமாகச் சந்தித்து, சீனா இந்திய எல்லையில் படையை நகர்த்தினால் அமெரிக்கா துணை நிற்கும் என்று ஜாடையாகச் சொன்னார். நட்புக்காகத் திறந்த கதவு, இன்னொரு நாட்டை மிரட்டவும் பயன்பட்டது. நல்ல வேளையாக சீனா அசையவில்லை. டிசம்பர் 16-ந் தேதி பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரண் அடைந்தது. வங்காளதேசம் பிறந்தது.

ஜெய்ப்பூர் மைதானத்தில்

நம் நாட்டிலும் மைதானம் தூதுக்குப் பயன்பட்டது உண்டு.

1986 கடைசியில் இந்திய ராணுவம் ராஜஸ்தானில் "பிராஸ்டாக்ஸ்" என்ற மாபெரும் ஒத்திகையைத் தொடங்கியது. பாகிஸ்தான் பயந்துபோய் தன் படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் எதிர் எதிரே நின்றார்கள்.

அந்த நேரத்தில், 1987 பிப்ரவரியில், "கிரிக்கெட் பார்க்க வருகிறேன்" என்று பாகிஸ்தான் ஜனாதிபதி ஜியா வந்து சேர்ந்தார்! டெல்லியில் பிரதமர் ராஜீவ்காந்தியைப் பார்த்தார். ஜெய்ப்பூரில் டெஸ்ட் ஆட்டத்தைப் பார்த்தார். இந்தியாவுக்கு கபில்தேவும் பாகிஸ்தானுக்கு இம்ரான்கானும் கேப்டன்கள். ஆட்டம் டிராவில் முடிந்தது. பதற்றமும் தணிந்தது.

கிரிக்கெட்தான் யுத்தத்தை நிறுத்தியது என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. இரு நாட்டு வெளிநாட்டு இலாகா செயலாளர்கள் டெல்லியில் உட்கார்ந்து பேசி, பிப்ரவரி 4-ந் தேதியே படைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள உடன்பாடு செய்திருந்தார்கள். அந்தக் காகிதத்துக்கு மனித முகம் கொடுத்தது கிரிக்கெட்.

2005-ல் முஷரப் டெல்லிக்கு கிரிக்கெட் பார்க்க வந்தார். 2011 மார்ச் 30-ந் தேதி மொகாலியில் உலகக்கோப்பை அரை இறுதி ஆட்டத்தை பிரதமர் மன்மோகன்சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தியா 29 ரன்னில் ஜெயித்தது. ஆனால் இரண்டு நாட்டுக்கும் இடையே தீராத வழக்குகள் தீராமலே நின்றன. விளையாட்டு கதவைத் திறக்கும். உள்ளே போய் வழக்கைப் பேசித் தீர்ப்பது வேறு வேலை.

அறையில் இல்லாதவர்கள்

பெரியவர்கள் சிரித்துப் பேசிக்கொள்வது நல்லதுதான். சண்டை போட்டுச் சாவதைவிட ஒரு கப் டீ மேல். அந்த பஸ்சில் சுவாங் எழுந்து வராமல் இருந்திருந்தால், 136 கூட்டம் 137 ஆகி இருக்குமே தவிர, வேறு என்ன நடந்திருக்கும்?

ஆனால், எந்த ரகசியப் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டும். அந்த அறையில் இல்லாதவர் யார்? அவர் தலையில் என்ன விழுந்தது? 1962-ல் கியூபாவும் துருக்கியும் அந்த அறையில் இல்லை. 1971-ல் வங்காள மக்கள் இல்லை. யூனியன் தலைவரும் முதலாளியும் ஓட்டல் அறையில் கைகுலுக்கிக்கொண்ட மறுநாள், கேட்டில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து நெஞ்சு திக்கென்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டியது இல்லை.

சுவாங்கின் கதை என்ன ஆயிற்று? சில காலம் சீனாவின் விளையாட்டுத் துறைக்கே தலைவர் ஆனார். மாவோ 1976-ல் இறந்ததும் காற்று திசை மாறியது. காவலில் அடைத்தார்கள். 1980-ல் வெளியே வந்து, வெளியூர் ஒன்றில் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 2013 பிப்ரவரியில் 72-வது வயதில் காலமானார். கோவன் அவருக்கு முன்பே, 2004-ல் காலமாகிவிட்டார்.

இரண்டு பேரும் பதவி கேட்டு அந்த பஸ்சில் பேசவில்லை. பேரம் பேசவில்லை. எவரையும் பலி கொடுக்கவில்லை. தெரியாத ஊரில் தனியாக பஸ் ஏறிய ஓர் ஆளை முகம் கொடுத்துக் கேட்டார் ஒருவர். வாங்கிக்கொண்ட பரிசுக்குப் பதில் செய்யவேண்டுமே என்று தவித்தார் மற்றவர். பேரமும் கணக்கும் எல்லாம் அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் சேர்த்தவை.